மழை வரவும் பம்ப் செட் செலவும்

கூலிக் கணக்குப் பார்க்க நமக்குத் தெரியும். வரவை மிஞ்சிச் செலவு போனால் கைமுதல் கரையும். நிலத்தடி நீரின் கணக்கும் அதுவே.

கோவை, திருப்பூர்ப் பக்கத்துப் பாறை நிலத்தில் ஒரு சதுர கிலோமீட்டரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு மழை 700 மில்லிமீட்டர் என்று வைத்தால் மொத்தம் 70 கோடி லிட்டர். பெரும்பகுதியை வெயிலும் பயிரும் குடித்துவிடும். கொஞ்சம் ஓடையில் போய்விடும். பூமிக்குள் இறங்குவது சுமார் பத்தில் ஒரு பங்கு. 7 கோடி லிட்டர். இது வரவு.

மணிக்கு 20,000 லிட்டர் இறைக்கும் பம்ப் செட், தினம் 7 மணி நேரம், 100 நாள் ஓடினால் 1 கோடியே 40 லட்சம் லிட்டர். ஐந்து பம்ப் செட்டில் வரவு தீர்ந்தது! பாய்ச்சிய நீரில் ஒரு பகுதி திரும்ப இறங்கும். அதையும் மிஞ்சி இறைத்தால் கைமுதல் கரைகிறது. மிஞ்சாவிட்டாலும் ஓடைக்குக் கசியும் ஊற்று குறையும்; கீழூர் காயும்.

முதலில் வற்றுவது யார் கிணறு? சிறு விவசாயியின் 60 அடிக் கிணறு. பணக்காரர் 1,000 அடிக்குக் குழாய் இறக்குவார். வற்றிய காட்டில் களையெடுக்க ஆள் தேவையில்லை. நம் கூலி போகிறது. ஆலைத் தொழிலாளி லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறான்.

1882ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டம் அடித் தண்ணீரை நிலச் சொந்தக்காரரிடம் விட்டது. தமிழ்நாட்டில் 2003இல் நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றினார்கள். அமலுக்கு வராமலே 2013இல் ரத்தாயிற்று.

ஆகவே, இந்த வரவு செலவை ஊர்தோறும் கிராமசபையில் வைக்கக் கோருவோம். குடிநீருக்கு முதலிடம், மீதிக்கு நியாயமான பங்கீடு! பூமிக்கடியில் ஓடும் தண்ணீருக்கு வேலி ஏது, தோழர்களே!