படியெடுத்தவரின் பெயர்



இன்று உங்களோடு ஓர் ஓவியத்தைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். இலக்கிய நிகழ்ச்சியில் ஓவியத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுத்திருங்கள். பேச்சு முடிவதற்குள் அது நம் வீட்டுச் சங்கதியாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் லண்டன் சென்றிருந்தபோது, டிராபல்கர் சதுக்கத்துக்கு அருகிலுள்ள தேசிய உருவப்படக் காட்சிக்கூடத்தைப் பார்க்கப் போனேன். அங்கே விக்டோரியா மகாராணியின் முடிசூட்டுக் கோலம், பெரிய தைலவண்ண ஓவியமாக இருந்தது. தீட்டியவர் சேர் ஜோர்ஜ் ஹெய்ட்டர். 1838 ஜூன் 28 ஆம் திகதி முடிசூடியபோது மகாராணிக்கு வயது 19 தான். தலையில் முடி, கையில் செங்கோல், உடலெங்கும் பொன்னும் பட்டும். ஆனால் பார்வை மட்டும் நம்மீது படாமல் மேல்நோக்கிச் செல்கின்றது. அந்தப் பார்வையில், பெரும் சுமையொன்றைத் தலையில் ஏற்றிக்கொண்ட பெண்பிள்ளையின் கலக்கத்தை நான் கண்டேன். வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

பிறகுதான் பக்கத்திலிருந்த குறிப்பைப் படித்தேன். 1838 இல் தொடங்கிய மூல ஓவியம் அரச சேகரிப்பில் இருக்கின்றது. இது அதைப் பார்த்து 1863 இல் தீட்டப்பட்ட பிரதி. எனக்குச் சப்பென்று போய்விட்டது. இவ்வளவு நேரமும் ஒரு நகலின் முன்னாலா உருகிக்கொண்டு நின்றேன்?

திரும்பி நடந்தவனை அந்த 1863 என்ற எண் மறித்தது. மனம் கணக்குப் போடத் தொடங்கிற்று. அந்த ஆண்டில் மகாராணிக்கு 44 வயது. ஒன்பது பிள்ளைகளின் தாய். 1861 டிசம்பரில் கணவர் அல்பேட் இறந்துபோக, கறுப்பு உடைக்குள் தம்மை அடைத்துக்கொண்டவர். ஹெய்ட்டருக்கோ வயது 70. அரண்மனையின் விருப்பம் அவரை விட்டு ஜெர்மனியரான விண்டர்ஹால்டர் பக்கம் போய் நெடுங்காலமாயிற்று. அந்தக் கிழவர் மீண்டும் தூரிகையை எடுத்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு தாம் கண்ட பத்தொன்பது வயது முகத்தைத் தீட்டுகின்றார். ஆஸ்கார் வைல்ட் 1890 இல் வெளியிட்ட டோரியன் கிரேயின் கதையில் மனிதன் இளமையோடு இருக்க, ஓவியம் மூப்படைகின்றது. இங்கே ஓவியம் இளமையோடு இருக்க, தீட்டியவரும் தீட்டப்பட்டவரும் மூப்படைந்துவிட்டார்கள். நான் திரும்பிப் போய் அந்த ஓவியத்தை இரண்டாம் முறை பார்த்தேன். முதல்முறை பார்த்ததைவிட அது பெரியதாகத் தெரிந்தது.

விக்டோரியா காலத்தில் கையால் பிரதி தீட்டுவது இழிவான காரியமல்ல. அரசி இருக்க முடியாத இடத்தில் அரசியின் உருவம் இருக்க வேண்டும். விண்டர்ஹால்டர் 1859 இல் தீட்டிய அரச தம்பதியரின் உருவப்படங்கள் இவ்வாறு பலமுறை படியெடுக்கப்பட்டுத் தூதரகங்களுக்கும் ஆளுநர் மாளிகைகளுக்கும் சென்றன. புகைப்படம் வந்துவிட்ட காலந்தான். என்றாலும் அன்றைய புகைப்படத்தால் அந்த வண்ணத்தையும் அளவையும் தர முடியவில்லை. 1875 இல் ஹைன்ரிக் வொன் அஞ்செலி தீட்டிய மகாராணியின் உருவத்தை, ஜூலியா அபர்க்ராம்பி என்ற சீமாட்டி 1883 இல் நீர்வண்ணத்தில் படியெடுத்தார். அதுவும் இதே காட்சிக்கூடத்துக்குச் சொந்தமானது. அதைப் படியெடுத்தவரின் பெயரும் ஆண்டும் பதிவாகியுள்ளன.

நாடு திரும்பிய பின் எனக்கொரு ஆசை பிறந்தது. இணையத்தின் வழியாகப் பணம் கட்டி, கையால் தீட்டிய ஹெய்ட்டர் பிரதியொன்றை வரவழைத்தேன். முடியின் மணிகள் மின்னின. பட்டு பளபளத்தது. ஆனால் அந்தக் கண்கள்! அவை நேராக என்னையே பார்த்தன. கலக்கமில்லை, சுமையில்லை. ஒரு கடைப்பொம்மையின் தெளிவு. முதலில் கோபம் வந்தது. பின்னர் யோசித்தேன். சிறியதொரு புகைப்படத்தை முன்னால் வைத்துக்கொண்டு, நாளைக்கு இன்னொன்று முடிக்க வேண்டுமே என்ற அவசரத்தில், எங்கேயோ ஒரு மனிதர் தீட்டியிருக்கிறார். அந்த மணிகளில் அவருடைய உழைப்பு தெரிகின்றது. அவர் யார்? துணியைப் புரட்டிப் பார்த்தேன். பெயரில்லை, ஆண்டில்லை. என்னை உறுத்தியது கண்களைவிட அந்த வெறும் முதுகுதான்.

நேயர்களே, பிரதி என்ற சொல் நமக்குப் புதிதல்ல. செல்லரித்த ஏட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிய ஓலையில் எழுத்தாணியால் பெயர்த்தெழுதியவர்கள் இல்லையென்றால் சங்கப் பாடல் ஒன்றுகூட நம் கைக்கு வந்திராது. சிலர் ஏட்டின் இறுதியில் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்து வைத்தார்கள். பலருடைய பெயர் தெரியாமலே போயிற்று. இன்றுங்கூட மொழிபெயர்ப்பு நூலைக் கையிலெடுக்கும்போது மூல ஆசிரியரின் பெயரைப் படிக்கிறோம். மொழிபெயர்த்தவரின் பெயரைத் தேடுகிறோமா?

பிரதியெடுப்பது களவு அல்ல. பிரதி என்று சொல்லாமல் மறைப்பதே களவு. ஹெய்ட்டரின் குறிப்பில் 1838 என்று மட்டும் எழுதியிருந்தால், ஓர் அழகான படத்தைப் பார்த்தோம் என்று நானும் வந்திருப்பேன். 1863 என்று உண்மையைச் சொன்னதால் அல்லவா ஒரு கிழவரின் கை எனக்குத் தெரிந்தது!

என்னுடைய படத்தை நான் திருப்பி அனுப்பவில்லை. அது வீட்டுக் கூடத்தில் தொங்குகின்றது. பின்புறத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்: "ஹெய்ட்டரைப் பார்த்துத் தீட்டியது. தீட்டியவர்:" என்று. அதன் பின் ஒரு பெயருக்கு வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.