நெஞ்செரிவு மாத்திரை: எத்தனை நாளைக்கு?

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டம் என்றால் சம்பளம், சந்தா, லயத்துக் கூரை என்று பேசுவோம். இன்று உங்கள் சேலை முடிச்சில் இருக்கும் ஒரு மாத்திரையைப் பற்றிப் பேச வந்தேன். நாம் 'கேஸ்ட்ரிக் மாத்திரை' என்று சொல்லும் ஒமெப்ரசோல்.

என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். ஆறு வருடமாகத் தினமும் இதைப் போட்டார். வைத்தியர் எழுதியது ஒரு மாதத்துக்கு. அந்தத் துண்டைக் காட்டி பார்மசியில் வாங்கினோம். பிறகு துண்டையும் யாரும் கேட்கவில்லை. போன வருடம் மலை ஏற முடியாமல் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. இரத்தம் சோதித்தால் இரும்புச்சத்தும் குறைவு, வைட்டமின் பி12உம் குறைவு. "மாத்திரை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், அதற்கும் பங்கு இருக்கலாம். இதை ஏன் இவ்வளவு காலம் போட்டீர்கள்?" என்று வைத்தியர் கேட்டார். படித்த நானே பதில் இல்லாமல் நின்றேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இது கெட்ட மருந்து அல்ல. வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கிறது. புண்பட்ட உணவுக்குழாய் ஆறுகிறது, இரவில் தூக்கம் வருகிறது. சாதாரண நெஞ்செரிவுக்கு 4 முதல் 8 வாரம் வரை கொடுப்பார்கள். காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன் போட வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டால் பலன் குறைவு.

ஆனால் அமிலம் வீணாகச் சுரப்பதில்லை. சாப்பாட்டில் உள்ள இரும்பும் பி12உம் உடம்பில் சேர அது வேண்டும். கிருமியைக் கொல்லவும் வேண்டும். வருடக்கணக்கில் குறைத்து வைத்தால் பி12, மெக்னீசியம் குறையலாம், வயிற்றுப்போக்குக் கிருமிகள் எளிதில் தொற்றலாம். எலும்பு முறிவு, சிறுநீரகக் கோளாறு பற்றியும் ஆய்வுகள் எச்சரிக்கின்றன. அதற்காகப் பயந்து விடவும் வேண்டாம். 17,000க்கும் அதிகமானோரை மூன்று வருடம் அளவில் கவனித்து 2019இல் வெளியான பெரிய ஆய்வில், தெளிவாகக் கூடியது வயிற்றுக் கிருமித் தொற்று மட்டுமே. ஆனால் ஏற்கெனவே இரத்தசோகை உள்ள நம் பெண்களுக்கு இரும்புக் கணக்கு சின்னக் கணக்கு அல்ல. இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் அதுவும் சரியாகச் சேராது.

"நிறுத்திப் பார்த்தேன் டீச்சர், முன்னையைவிட எரியுது" என்று பலர் சொல்கிறீர்கள். உண்மைதான். அடக்கி வைத்த அமிலம் சில வாரம் கூடுதலாகச் சுரக்கும். டென்மார்க்கில் 2009இல் வெளியான ஆய்வில், எந்தத் தொல்லையும் இல்லாதவர்களுக்கு இவ்வகை மாத்திரையை 8 வாரம் கொடுத்து நிறுத்தியபோது, நூற்றுக்கு 44 பேருக்கு நெஞ்செரிவு போன்ற தொல்லை வந்தது. மருந்தில்லாத மாத்திரை போட்டவர்களில் நூற்றுக்கு 15 பேருக்குத்தான் வந்தது. ஆகவே, எரிவு திரும்புவதால் மட்டும் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. வைத்தியரிடம் கேட்டு மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

சிலர் நிறுத்தவே கூடாது. குடல் புண்ணில் இரத்தம் கசிந்தவர்கள், உணவுக்குழாய் கடுமையாகப் புண்பட்டவர்கள், ஆஸ்பிரின் போடுவதால் வயிற்றைக் காக்க இதையும் எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள், நான் பேசியதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். சாப்பாடு விழுங்கக் கஷ்டம், கறுப்பு மலம், இரத்த வாந்தி, காரணமில்லாமல் மெலிவு என்றால் மாத்திரை தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அது கேஸ்ட்ரிக் என்று வீட்டில் இருக்க வேண்டாம்.

ஏன் நமக்கு எரிகிறது? காலையில் வெறும் தேத்தண்ணியோடு பிரட்டுக்கு ஓடுகிறோம். இடுப்பு வலிக்கு வெறும் வயிற்றில் வலி மாத்திரை. இரவு பிந்திச் சாப்பிட்டு உடனே படுக்கிறோம். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன் சாப்பிடுங்கள், தலைமாட்டை உயர்த்துங்கள். இவை நம் கையில் இருப்பவை.

நம் கையில் இல்லாததும் உண்டு. நிறுவைக்கு ஓடாமல் உட்கார்ந்து சாப்பிட நேரம் வேண்டும். கிளினிக் போன நாளுக்குப் பேர் வெட்டக்கூடாது. டிஸ்பென்சரியில் யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை நாளைக்கு என்று எழுதி வைக்க வேண்டும். இந்த மூன்றையும் கமிட்டி நிர்வாகத்திடம் கேட்க வேண்டும் என்று முன்வைக்கிறேன்.

வரும் ஞாயிறு மாத்திரை அட்டையையும் கிளினிக் கொப்பியையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். எப்போது தொடங்கியது, ஏன் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதித் தருகிறேன். அதை வைத்தியரிடம் காட்டி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எனக்கு இன்னும் வேண்டுமா?"