சூழலும் நட்சத்திரப் பிறப்பும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விஞ்ஞானம் பயின்ற பழைய மாணவியர் சார்பில் பேசும் நாம், கலக்சிகளைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றோம். நாம் வாழும் பால்வீதியும் ஒரு கலக்சியே. அதில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஓரிரு சூரியன்களின் திணிவுள்ள வாயு புதிய நட்சத்திரங்களாகின்றது. வேறு பல கலக்சிகளிலோ இப்பிறப்பு என்றோ ஓய்ந்துவிட்டது. ஏன்?

1980இல் அலன் டிரெஸ்லர் 55 கலக்சிக் கொத்துகளை ஆராய்ந்தார். நெருக்கம் கூடக்கூட நட்சத்திரங்களை ஈனும் சுருளிக் கலக்சிகள் குறைந்து, ஓய்ந்த கலக்சிகள் மிகுவதைக் கண்டார். ஆகவே இருக்கும் இடத்துக்கும் இதில் பங்குண்டு.

நட்சத்திரம் பிறக்கக் குளிர்ந்த வாயு வேண்டும். 5 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள கன்னிக் கொத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கலக்சிகள் உள்ளன. அவற்றின் இடைவெளியில் கோடிக்கணக்கான பாகை வெப்பமுள்ள ஐதான வாயு நிறைந்துள்ளது. அதனூடே விரைந்து விழும் கலக்சியின் வாயு, எதிர்க்காற்றில் சைக்கிள் ஓடுகையில் சேலைத் தலைப்புப் பறப்பதுபோலப் பின்னால் இழுபட்டு உரிந்துபோகின்றது.

இன்னொரு வழியும் உண்டு. அதை 1980இல் லார்சன், கால்ட்வெல் ஆகியோருடன் எடுத்துரைத்தவர் பியட்றிஸ் ரின்ஸ்லி. கலக்சியின் தட்டிலுள்ள வாயு சில நூறு கோடி ஆண்டுகளுக்கே போதும்; வெளியிலுள்ள வாயு உறையே அதை மீள நிரப்புகின்றது. கொத்தின் நெருக்கத்தில் அவ்வுறை பறிபோனால், ஊற்றுக்கண் அடைபட்ட கிணறுபோல, உள்ளதை இறைத்து முடியும்வரை நட்சத்திரங்கள் பிறக்கும்; பின்னர் மெல்ல ஓயும்.

ரின்ஸ்லி நியூசிலாந்தின் நியூ பிளிமத் மகளிர் பாடசாலையின் பழைய மாணவி. 1960களில் டலஸில் வாழ்ந்தபோது, 300 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஒஸ்ரினுக்குச் சென்றுவந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். டலஸில் அவருக்குத் தகுந்த பதவி கிட்டவில்லை. பின்னர் யேல் பல்கலைக்கழகம் சென்று, 1978இல் அங்கு முதற் பெண் வானியற் பேராசிரியரானார். 1981இல், 40 வயதில், புற்றுநோயால் மறைந்தார்.

சூழலே யாவும் என்று நாம் சொல்லவில்லை. தனித்திருக்கும் பெரிய கலக்சிகளும் தம் உள்ளியல்பால் ஓய்வதுண்டு. ஆயினும் ஊற்று அடைபட்ட பின்பும் கலக்சி நெடுங்காலம் ஒளிரும். இழப்பு உடனே வெளித்தெரியாது. எமது பாடசாலையின் இன்றைய பெறுபேறுகளும் நேற்றைய ஊற்றின் பயனே. எந்நாட்டில் வாழினும், விஞ்ஞானம் பயிலும் தங்கைகளுக்கு நூலாகவும் ஆய்வுகூடமாகவும் வழிகாட்டலாகவும் அதை நிரப்புவோம்.