உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் திறக்கும் கதவு

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



நான் டாக்டர் அல்ல. பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனும் அல்ல. புத்தகம் வாங்கிப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதையே சொல்லுகிறேன். நான் சொல்லுவதாலேயே நம்பிவிடாமல் உங்கள் அறிவைக் கொண்டு யோசித்துப் பாருங்கள்.

என் தம்பிக்கு ஒன்றரை வயதில் பேதி கண்டது. "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று எங்கள் பாட்டி செம்பை எட்டாத இடத்தில் எடுத்து வைத்துவிட்டாள். பிள்ளை நாக்கு வறண்டு செத்தான். "அவன் தலையெழுத்து" என்றார்கள். பாட்டி கெட்டவளல்ல, அவளுக்குச் சொல்லுவாரில்லை. அதனால்தான் இன்று சொல்ல வந்தேன்.

பேதிகளிலெல்லாம் கொடியது காலரா. அது வெகுகாலம் குடியிருந்த வங்காளத்தில் அதற்கென்றே ஒரு தேவதை உண்டு. இந்துக்கள் ஓலா தேவி என்றார்கள். முஸ்லிம்கள் ஓலா பீபி என்றார்கள். இரு கூட்டத்தாரும் பயந்து வணங்கினார்கள். இரு கூட்டத்தாரையும் அது வாரிக்கொண்டு போயிற்று. கும்பிட்டவன் யார், கும்பிடாதவன் யார் என்று கிருமி பார்க்குமா? குடிதண்ணீரில் மலம் கலந்திருந்தால் அதற்குப் போதும்.

காலராக் கிருமி ஒரு விஷத்தை விடுகிறது என்று 1959-ல் கல்கத்தாவில் சம்புநாத் டே நிரூபித்தார். அந்த விஷம் பட்ட குடல், உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் வெளியே கொட்டுகிறது. கடுமையானால் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். நோயாளி சாவது உடம்பு வற்றித்தான்.

அப்படியானால் தண்ணீர் குடித்தால் போதாதா என்று கேட்பீர்கள். வெறும் தண்ணீர் போதாது. ஏன்?

சிறுகுடலின் உட்சுவரில் உள்ள ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அது எண்ணெய்ப் பசையுள்ளதானதால் உப்பும் சர்க்கரையும் தாமாக நுழைய முடியாது. அதற்காகப் புரதத்தாலான கதவுகள் அதில் இருக்கின்றன. ஒரு கதவுக்கு எஸ்.ஜி.எல்.டி.1 என்று பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டால் பாதகமில்லை; வேலையைத் தெரிந்து கொள்ளுங்கள். உப்பிலுள்ள சோடியம் இரண்டும் குளுக்கோஸ் ஒன்றும் ஜோடி சேர்ந்து வந்தால் அது உள்ளே வாங்கிக்கொள்ளும். அவை போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். இந்த ஜோடிக் கருத்தை ராபர்ட் கிரேன் 1960-ல் பிராக் நகரத்தில் வெளியிட்டார்.

இனிமேல்தான் முக்கிய சங்கதி. காலரா விஷம் இந்தக் கதவை அடைப்பதில்லை! வீடு முழுதும் ஒழுகினாலும் இந்த ஒரு வாசல் திறந்தே இருக்கிறது.

1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரு டாக்டர்கள், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாயால் குடிக்கக் கொடுத்தால் நரம்பில் ஏற்றும் நீரின் தேவை வெகுவாய்க் குறைகிறதென்று காட்டினார்கள். 1971-ல் வங்கதேச யுத்தத்தின்போது அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். பன்காவ் ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் நீரோ தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகாலநபிஸ், உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, நீரில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களைக் கொண்டே குடிக்கக் கொடுக்கச் செய்தார். அகதி முகாம்களில் நூற்றுக்கு 30 பேர்வரை செத்த வியாதியில், அவர் கவனித்தவர்களில் செத்தது நூற்றுக்கு 4-க்கும் குறைவு. மந்திரம் உண்டா? நேர்த்திக்கடன் உண்டா?

இந்தக் கதவு பழுதாகவே பிறக்கும் பிள்ளைகளும் அபூர்வமாக உண்டு. தாய்ப்பால் குடித்த சில நாளிலேயே கடும் பேதி காணும். பாலின் சர்க்கரை இந்த வழியாகத்தான் போகவேண்டும். இது பெற்றவள் பாவமல்ல. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்த மரபணுப் பழுது. அந்தச் சர்க்கரையை நிறுத்தி, வேறு கதவால் போகும் பழச்சர்க்கரையைக் கொண்ட ஆகாரம் கொடுத்தால் பிள்ளை பிழைக்கும். காரணம் தெரிந்தால் வழியும் தெரியும்.

தோழர்களே! பேதி கண்டால் தண்ணீரை நிறுத்தாதீர்கள். தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள். உப்புசர்க்கரைப் பொட்டலம் சுகாதார நிலையத்திலும் மருந்துக் கடையிலும் கிடைக்கும். அது இல்லாவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். அளவு தப்பக்கூடாது, உப்பு மிஞ்சினால் ஆபத்து. கண் குழிந்து, மயங்கி, குடிக்க முடியாமற் போனால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வீட்டுக்குப் போனதும் இதை முதலில் உங்கள் வீட்டுப் பாட்டிமார்களுக்குச் சொல்லுங்கள்.