பந்து எல்லோருக்கும் வரட்டும்

(பங்கு இளைஞர் பயிற்சி நாளில் விளையாட்டு ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

யூபிலி ஆண்டில் கால்பந்துப் போட்டி நடத்துகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அணிக்குப் பதினோரு பேர் போதும். மற்றப் பிள்ளைகள் வேடிக்கைதான் பார்க்க வேண்டுமா?

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் முப்பது பையன்களை ஒரே பந்தோடு வரிசையில் நிறுத்திப் பழக்கினேன். ஒரு சிறுவன் திடீரென்று நின்றுவிட்டான். காரணம் கேட்டேன். "எனக்குப் பந்தே வரலையே சார்" என்றான். அந்தச் சொல் இன்றும் என்னைச் சுடுகிறது.

கணக்குப் பாருங்கள். 22 பேர் 44 நிமிடம் ஆடினால், பந்தில் ஆளுக்குப் பங்கு 2 நிமிடம். பக்கத்துக்கு நால்வராக ஆடினால் ஐந்தரை நிமிடம்! இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமே 2012-இல் கூடி, எட்டு வயதுக்குட்பட்டோருக்கு ஐவர் ஆட்டம் என்று முடிவு செய்தது.

தம்பிமார்களே, மைதானத்தை நான்காகப் பிரியுங்கள். முப்பது அடிவைப்பு நீளம், இருபது அகலம் போதும். செங்கல்லோ செருப்போ வைத்தால் கோல் தயார். ஓர் ஆட்டத்துக்கு ஒரு பாடம் மட்டும் வையுங்கள். பாஸ் பழக வேண்டுமா? பந்து எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே ஆடும் பொது ஆள் ஒருவனைச் சேருங்கள். தலை நிமிர்ந்து பார்க்கப் பழக வேண்டுமா? நான்கு மூலையிலும் கோல் வையுங்கள். கோல் அடிக்கப் பழக வேண்டுமா? மைதானத்தைக் குறுக்கிக் கோலை அகலமாக்குங்கள். ஒரு பக்கம் தோற்றுக்கொண்டே இருந்தால் அதற்கு ஓர் ஆளைக் கூட்டுங்கள். ஐந்து நிமிடம் ஆட்டம், பிறகு தண்ணீர், மீண்டும் ஆட்டம்.

பிள்ளைகள் ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதட்டாதீர்கள். கோட்டை மாற்றுங்கள், கோலை மாற்றுங்கள். ஆட்டமே பாடம் சொல்லும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் வழியாக ஓடும் தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் கலக்கிறது. அந்தக் கடலூர் தந்த பெண்தான் இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன். 2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசியப் பட்டம் பெற்றார்கள். ஆகவே உங்கள் பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள்.

கோப்பை ஓர் அணிக்குத்தான் கிடைக்கும். பந்து எல்லோருக்கும் கிடைக்கட்டும்.