மலைச்சரிவில் ஒரு பந்தி

உணவு விடுதி நடத்துவோரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் விதிகள் மூன்று உண்டு. விடுதி நாற்சந்தியில் அமைய வேண்டும். அதன் பெயர்ப்பலகை தெருக்கோடியிலிருந்தே கண்ணில் பட வேண்டும். பசித்து வருபவர் எந்நேரத்தில் வந்தாலும் இலை போட வேண்டும். இம்மூன்று விதிகளையும் ஒருங்கே மீறிய உணவு விடுதிகள் சில அண்மைக் காலத்தில் உலகின் பல பகுதிகளில் தோன்றியுள்ளன. அவை ஊருக்கு ஒதுக்குப்புறமாக, மலைச்சரிவிலோ பழைய பண்ணை வீட்டிலோ அமைந்திருக்கின்றன. ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் அங்கே இடமில்லை. வருபவர் பல நாட்களுக்கு முன்பே தம் வருகையைத் தெரிவித்து, இருக்கையை உறுதி செய்துகொள்ள வேண்டும். இன்னது வேண்டும் என்று கேட்கவும் இயலாது. அந்தப் பருவத்தில் அந்த மண் எதைத் தந்ததோ அதுவே விருந்து. இத்தகைய விடுதிகளால் நாட்டிற்கு விளையும் நன்மை யாது என்பதைச் சிறிது சிந்திப்போம்.

நம் நாட்டிலேயே ஒன்றை எடுத்துக்கொள்வோம். இமாசலப் பிரதேசத்தில் கசௌலி என்னும் மலைவாசத் தலத்திற்கு அருகே தார்வா என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே 2023-ஆம் ஆண்டின் இறுதியில் பிரதீக் சாது என்ற சமையற்கலைஞர் ஒரு விடுதியைத் திறந்தார். தொடங்கியபோது அதில் இருந்த இருக்கைகள் 16. அதன் பெயர் 'நார்'. நமக்கு நார் என்றால் வாழைநாரும் பூத்தொடுக்கும் நாருமே நினைவுக்கு வரும். காஷ்மீரி மொழியிலோ அச்சொல் நெருப்பைக் குறிக்கும். காஷ்மீரத்தில் பிறந்த சாது, மும்பையில் பழைய ஆலை வளாகம் ஒன்றினுள் 2016-இல் தொடங்கப்பெற்ற 'மாஸ்க்' என்ற விடுதியில் சில ஆண்டுகள் தலைமைச் சமையற்காரராக இருந்து புகழ் பெற்றவர். பெருநகரை விட்டு மலையேறி, இமயத்தில் விளையும் பொருள்களையே முதன்மையாகக் கொண்டு விருந்து படைக்க முற்பட்டார்.

இவ்விடுதிகள் இத்துணைச் சிறியனவாக இருப்பதற்குக் காரணம் என்ன? செல்வர்களின் ஆடம்பரம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் பொருளின் இயல்பே முதற்காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இமயமலைக் காடுகளில் 'குச்சி' என்றொரு காளான் முளைக்கிறது. பெயரைக் கேட்டுச் சுள்ளி என்று எண்ணிவிட வேண்டாம். தேனடை போன்ற கண்களை உடைய, மணம் மிக்க காளான் அது. பனி உருகும் இளவேனிற் காலத்தில், காட்டின் ஈரத் தரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டும். கிராமத்துப் பெண்டிரும் சிறுவரும் விடியற்காலையில் புறப்பட்டுப் பல கல் தொலைவு அலைந்து பொறுக்கி வருவர். நூலில் கோத்து உலர்த்துவர். ஒரு நாள் ஒரு கூடை கிடைக்கும். மறுநாள் ஒரு கைப்பிடிதான் கிடைக்கும். நாள்தோறும் முந்நூறு பேருக்கு ஒரே உணவுப் பட்டியலைத் தவறாமல் வழங்க வேண்டிய பெரிய ஹோட்டல், இப்பொருளை நம்பி எப்படி நடக்க முடியும்? பதினாறு பேருக்குச் சமைப்பவருக்கு அக்கைப்பிடியே போதுமானது. உண்பவர் தொகை முன்னதாகவே தெரிந்திருப்பதால் பொருளும் வீணாவதில்லை.

இத்தகைய முயற்சிக்கு ஐரோப்பாவின் வடகோடி நாடுகள் ஓர் எடுத்துக்காட்டு. 2004-ஆம் ஆண்டில் அந்நாடுகளின் சமையற்கலைஞர்கள் பலர் கோபன்ஹேகன் நகரில் கூடி, பத்துக் கூறுகள் கொண்ட அறிக்கை ஒன்றில் கையொப்பமிட்டனர். தத்தம் நாட்டு மண்ணும் நீரும் பருவமும் தரும் பொருள்களைக் கொண்டே சமைப்போம் என்பது அதன் சாரம். அதன்பின் ஸ்வீடன் நாட்டில், ஸ்டாக்ஹோமிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள யெம்ட்லாண்ட் பகுதியில், 'ஃபேவிகன்' என்ற விடுதி உலகப் புகழ் எய்தியது. மாக்னஸ் நில்சன் என்பவர் காடு சூழ்ந்த பழைய பண்ணை ஒன்றில் அதை நடத்தினார். அங்கே குளிர்காலம் நீண்டது. பல மாதங்கள் நிலத்தில் ஒன்றும் விளையாது. ஆகவே இலையுதிர் காலத்தில் கிழங்குகளை நிலவறையில் சேமித்தும், உப்பிலிட்டும், புளிக்கவைத்தும், உலர்த்தியும் குளிர்காலத்திற்கு வேண்டிய உணவை ஆயத்தம் செய்தனர். அவ்விடுதி 2019 டிசம்பரில் மூடப்பட்டது. ஒரு மனிதரின் உழைப்பையும் ஊக்கத்தையும் நம்பி நிற்கும் நிறுவனம் எவ்வளவு எளிதில் முடிவுறக்கூடும் என்பதையும் அது காட்டிற்று.

நிலவறையைக் கண்டு உலகம் வியந்தது. ஆயின் காஷ்மீரப் பள்ளத்தாக்கின் ஏழை எளியவர் வீடுகளில் இந்த அறிவு தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. பனி விழுந்து மலைப்பாதை அடைபட்டுவிட்டால் வெளியூர்க் காய்கறி வந்து சேராது. அதனால் கோடைக்காலத்திலேயே சுரைக்காயைச் சுருள் சுருளாக அரிந்தும், கத்தரிக்காயைப் பிளந்தும், தக்காளியையும் டர்னிப் கிழங்கையும் துண்டு செய்தும் கயிற்றில் கோத்து வெயிலில் உலர்த்துவார்கள். 'ஹோக் ஸ்யூன்' என்பது இவ்வுலர் காய்களின் பொதுப் பெயர். சாலைகள் சீர்பட்டு, குளிர்காலத்திலும் பச்சைக் காய்கறி லாரியில் வந்து சேரத் தொடங்கியதும் இப்பழக்கம் குன்றியது. அதில் வியப்பில்லை. பஞ்சத்தின் அடையாளமாகத் தோன்றியதை யார்தான் விரும்பிப் போற்றுவர்?

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற நேயர்கள் இசைவு தர வேண்டும். நான் தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறேன். என்னுடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் கட்வால் மலைநாட்டினர். நண்பகலில் நாங்கள் உணவைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். ஒருநாள் அவர் கொணர்ந்த உருளைக்கிழங்குப் பொரியலில் கடுகைவிடச் சிறிய, கருநிற விதைகள் தாளிதமாகப் போடப்பட்டிருந்தன. பல்லில் பட்டதும் நொறுங்கி நறுமணம் பரப்பின. பெயர் கேட்டேன். 'ஜக்யா' என்றார். சொற்களுக்கு நேர்ச்சொல் தேடுவது என் தொழில் அல்லவா? தாவர நூல்களைப் புரட்டிப் பார்த்தபோது, அது நம் ஊர்களில் நாய்க்கடுகு என்று வழங்கும் செடி எனக் கண்டேன். மழைக்குப் பின் தரிசிலும் வேலியோரத்திலும் மஞ்சட்பூவோடு நிற்கும் அதே செடிதான். வீட்டில் இதைச் சொன்னதும் என் துணைவி, "இதையா தாளிக்கிறார்கள்? எங்கள் கொல்லையில் களை என்று பிடுங்கி எறிவோமே!" என்று நகைத்தாள். செடி ஒன்றே, அதைப் பயன்கொள்ளும் அறிவு ஓரிடத்தில் இருக்கிறது, மற்றோரிடத்தில் இல்லை.

மறுநாள் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "என் தாயார் எந்த மேட்டில் எது முளைக்கும், எந்தத் திங்களில் பறிக்கலாம், எதைப் பறித்தால் வயிற்றுக்கு ஆகாது என்பதெல்லாம் அறிவார்கள். எனக்கு அதிற் பாதி தெரியும். என் மகளுக்கு ஜக்யா என்பது ஊரிலிருந்து பொட்டலத்தில் வரும் ஒரு பொருள். அவ்வளவே" என்றார். உத்தராகண்டில் குடியிருப்போர் எவருமே இல்லாத கிராமங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை என்று 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு காட்டிற்று. வேலை நாடி இளைஞர் சமவெளிக்கு இறங்குகின்றனர். படிக்கட்டு வயல்கள் தரிசாகின்றன. வயல் தரிசானால் மீண்டும் உழுதுகொள்ளலாம். அவ்வயலை அறிந்த மூதாட்டி மறைந்துவிட்டால் அந்த அறிவை எங்கிருந்து மீட்பது? சிறு உணவு விடுதிகளைப் பற்றிய பேச்சில் மெய்யாகவே கவலைக்குரிய செய்தி இதுவேயாகும்.

இவ்விடுதிகளைக் குறை கூறுவோர் ஒரு வினா எழுப்புகின்றனர்: ஒரு வேளை உணவுக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்க வல்லவர் எத்தனை பேர்? ஏழையின் உணவைப் பணக்காரரின் கேளிக்கையாக்குவது முறையா? இவ்வினாவைத் தட்டிக் கழிக்கலாகாது. குச்சிக் காளானையே பாருங்கள். உலர்ந்த காளான் ஒரு கிலோ நகரச் சந்தையில் பல ஆயிரம் ரூபாய்க்கு விலையாகிறது. விலை ஏற ஏற, பொறுக்கி வருபவர் அதைத் தம் அடுப்பில் ஏற்றுவது அரிதாகிவிட்டது. இடைத்தரகர் இலாபம் போகக் காட்டில் அலைந்தவர் கைக்கு வருவது விலையில் ஒரு பகுதியே. மலைநாட்டு உணவைப் புகழும் விடுதி, மலைநாட்டார் கலத்திலிருந்து அவ்வுணவை எடுத்துவிடுமாயின் அப்புகழால் ஒரு பயனும் இல்லை.

எனினும் இதற்கு மாற்று வழி இல்லாமற் போகவில்லை. லடாக்கில், சிந்து நதிக்கரையில் ஆல்ச்சி என்ற ஊர் உள்ளது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த பௌத்த மடத்தின் சுவரோவியங்களால் புகழ் பெற்றது. அம்மடத்தருகே நில்ஜா வாங்மோ என்ற பெண்மணி 2016-இல் 'ஆல்ச்சி கிச்சன்' என்ற சிறிய உணவு விடுதியைத் தொடங்கினார். அதில் உழைப்பவர் உள்ளூர்ப் பெண்கள். விருந்தினர் கண்ணெதிரே திறந்த அடுப்பில் சமையல் நடக்கிறது. கட்டை விரலால் அழுத்திய மாவுத்துண்டுகளைக் காய்கறியோடு வேகவைக்கும் 'ஸ்க்யூ', தடித்த 'கம்பீர்' ரொட்டி, அவ்வூர் ஆப்ரிகாட் பழம் ஆகியவையே அங்கே சிறப்பு. நடுத்தர வருவாயினரும் அமர்ந்து உண்ணத்தக்க இடம் அது. வாங்மோவுக்கு 2019-ஆம் ஆண்டிற்குரிய நாரீ சக்தி விருதைக் குடியரசுத் தலைவர் வழங்கினார். பாட்டிமார் சமைத்த உணவு விருந்தினருக்கு வைக்கத் தகுதியற்றது என்று நாணியிருந்தவர்கள் இருந்திருப்பார்களாயின், அந்நாணம் நீங்க இவ்விருதும் துணை செய்திருக்கும்.

ஆகவே ஒரு சிறு விடுதி செய்யக்கூடியது இது: மறக்கப்பட்ட பொருளுக்கு மதிப்பைத் தேடித் தரும், அதை அறிந்தவருக்கு வாழ்வூதியம் தரும், அவ்வூர் இளைஞன் ஒருவனுக்குத் தன் ஊரிலேயே நல்ல தொழில் உண்டு என்று காட்டும். மாவட்டம் முழுவதையும் வாழவைக்க அதனால் ஆகாது. அதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டும். ஒடிசா அரசு 2017-இல் சிறுதானிய இயக்கம் ஒன்றைத் தொடங்கி, பழங்குடியினர் விளைக்கும் கேழ்வரகைக் கொள்முதல் செய்து, நியாயவிலைக் கடைகளின் வழியே மக்களுக்கு வழங்கவும் வகை செய்தது. இந்தியா முன்மொழிந்தபடி ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நம் கேழ்வரகையே கட்வாலில் 'மண்டுவா' என்கின்றனர். அத்தானியம் விருந்தினர் மேசைக்கும் வர வேண்டும்; அங்கன்வாடிக் குழந்தையின் தட்டுக்கும் வர வேண்டும். முன்னது நடந்து பின்னது நடவாவிட்டால் பணி அரைகுறையாகவே நிற்கும்.

இத்தகைய விடுதியில் உண்ணும் வாய்ப்பு நேயர்களில் எவருக்கேனும் கிடைக்குமாயின், சுவையைப் பாராட்டுவதோடு நில்லாமல் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இப்பொருளைக் கொணர்ந்தவர் யார்? அவருக்குக் கிடைத்த விலை என்ன? அடுத்த ஆண்டும் காட்டில் இது முளைக்கும்படி எவ்வளவு விட்டுவைத்தனர்? மூன்றுக்கும் தயங்காமல் விடை சொல்லும் விடுதி நம் ஆதரவுக்கு உரியது.

வாய்ப்புக் கிடைக்காதவர்களும் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. வீட்டிலோ ஊரிலோ முதியவர் இருப்பின், அவர்கள் அறிந்த கீரைகள், கிழங்குகள், வற்றல்கள் இவற்றின் பெயரையும், பறிக்கும் பருவத்தையும், பக்குவத்தையும் கேட்டு ஓர் ஏட்டில் எழுதிவையுங்கள். என் நண்பர் சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்று, தம் தாயாரிடம் கேட்டுக் கேட்டு அவ்வாறே எழுதத் தொடங்கினார். நாற்பத்தொரு பெயர்கள் வரை வந்திருக்கின்றன. பெயர்களை அவர் சொல்ல, ஏட்டில் எழுதுபவள் அவருடைய மகள்.