சுகர் குறைந்தது, எடை ஏன் கூடியது?

சர்க்கரை நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. வருபவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "மாத்திரை ஒழுங்கா போடுறேன், சுகரும் கட்டுக்குள்ள இருக்கு. வெயிட் மட்டும் ஏறிக்கிட்டே போகுதே, ஏன்?"

வீட்டில் உடனே "வாயைக் கட்டுறதில்ல" என்று பழி போடுவார்கள். வாய் மட்டும் காரணமில்லை. சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்த நாளில், சாப்பிட்டதில் ஒரு பங்கு சிறுநீரோடு போய்க்கொண்டிருந்தது. மருந்து வேலை செய்ததும் அது உடம்பிலேயே தங்கிவிடுகிறது. இன்சுலினும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் எடையை ஏற்றக்கூடியவை; மெட்ஃபார்மின் அப்படி இல்லை. அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

எனக்கு அதிகம் கவலை தருவது 'லோ சுகர்' பயம். தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவுக்கு ஒருநாள் ராத்திரி வியர்த்துக் கொட்டி, கை நடுங்கியிருக்கிறது. அன்றிலிருந்து படுக்கும் முன் நாலு பிஸ்கட், சர்க்கரை போட்ட பால், வாழைப்பழம். தலையணைக்குப் பக்கத்தில் மிட்டாய் டப்பா. விழிப்பு வந்தால் சுகரைச் சோதிக்காமலே ஒன்று வாயில் போட்டுக்கொள்வார். எடை கூடியது, இன்சுலின் அளவு கூடியது, பயமும் கூடியது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயிருக்குப் பயந்து சாப்பிட்டவர் அவர்.

சுகர் 70-க்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதியுங்கள். வியர்வை, நடுக்கம் வந்தும் சோதிக்கும் கருவி பக்கத்தில் இல்லையா? காத்திருக்காமல் குடித்துவிடுங்கள். அடிக்கடி இப்படி இறங்கினால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அந்த அக்காவுக்கு டாக்டர் இன்சுலின் அளவை மாற்றினார். ராத்திரித் தீனி மெல்ல நின்றது.

இன்னொன்று. புனே மருத்துவர் யாக்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) ஒன்றாகவே இருந்தது, 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. தங்கள் படத்தோடு இதை 2004-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். ஒல்லியாகத் தெரியும் நம்மவர் உடம்பிலும் கொழுப்பு ஒளிந்திருக்கும் என்பதால் இடுப்பையும் அளந்து பாருங்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. தாண்டினால் கவனம் தேவை.

நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, தூக்கக் குறைவு, நடக்கவிடாத மூட்டுவலி, மனச்சோர்வு எல்லாமே எடையை ஏற்றக்கூடும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, "இந்த மருந்து வெயிட் ஏத்துமா, வேற இருக்கா?" என்று தயங்காமல் கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.